மல்லாட்டை வேரில் விளக்கு

என் மாமா தன் வாழ்நாளில் ஒரே ஒரு பாட்டுத்தான் செய்தார். அதில் என் குரலும் இருக்கிறது. நானே சொன்னாலொழிய அது என் குரல் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

மாமா என் அம்மாவின் தம்பி. குயிலாப்பாளையம் பக்கம் வெள்ளைக்காரர்கள் கட்டிய வீடுகளுக்கு வயரிங் வேலைக்குப் போனவர், அங்கே ஒரு தாடிக்காரரிடம் கிடார் கற்றுக்கொண்டுவிட்டார். திண்டிவனத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்த தன் மனைவியை, என் அத்தையைப் பார்க்க வாரம் ஒருமுறைதான் வருவார். அத்தை மயிலம் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் குடும்பத்துப் பெண். அந்தக் கிடாரைத் தன் சக்களத்தி என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பாள்.

நான் மூன்றாவது படித்தபோது அத்தைக்குக் காய்ச்சல் வந்து மூளைக்கு ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அப்பா ஒரு பஸ் கண்டக்டரிடம் சேதி சொல்லி அனுப்பினார். சேதி சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது. காய்ச்சல்தானே, காலையில் போகலாம் என்று மாமா கிடார் வாசிக்க உட்கார்ந்துவிட்டார். மறுநாள் அவர் வந்து இறங்கியபோது அத்தையை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மாமா கேட்டார்.

“அக்கா, கடைசியா எதுனா சொன்னாளா?”

“ஒண்ணும் சொல்லலடா. தூங்கிக்கினே போயிட்டா” என்றாள் அம்மா.

எனக்கு ஒரே ஆச்சரியம். அம்மாவோடு நானும்தானே கட்டிலருகில் இருந்தேன். அத்தை அன்று முழுக்க வாய் ஓயாமல் பேசினாளே. அம்மா மறந்துவிட்டாள் போலும் என்று, மாமா தனியாக இருந்தபோது நான் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

“செவுரு மூச்சு வுடுதுன்னாங்க மாமா. ஃபேனுல மீனு சுத்துதுன்னாங்க. மல்லாட்டை வேருல வெளக்கு எரியுது, மண்ணுக்குள்ள யாரோ தூக்கிக்கினு போறாங்கன்னாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் உங்களத்தான் கேட்டுக்கினே இருந்தாங்க. அவரு வந்துட்டாரா, அவரு வந்துட்டாரான்னு.”

மாமா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தூக்கம் வருகிறதாக்கும் என்று நான் விளையாடப் போய்விட்டேன்.

முழுப்பரீட்சை லீவில் என்னைக் குயிலாப்பாளையத்துக்குக் கூட்டிப்போனார். கீற்றுக் கொட்டகை ஒன்றின் உட்புறம் முழுக்கச் சாக்கு கட்டியிருந்தார்கள். அங்கேதான் பாட்டு உருவானது. தாடிக்காரர் ஆர்மோனியத்தின் கட்டை எதையும் தொடாமல் துருத்தியை மட்டும் அசைத்தார். அது சுவர் விடும் மூச்சு. மாமா சுற்றும் ஃபேனுக்கு எதிரே நின்று பாடினார், குரல் துண்டு துண்டாகத் தெறித்தது. அது மீன். மல்லாட்டை விளக்குக்குக் கிடார் வந்தது. ஒரே சுரத்தை இழுத்து, எதிரொலியின் மேல் எதிரொலியாக, பூமிக்கு அடியில் யாரோ நடந்து போவது போலவே இருந்தது. இந்த வகைப் பாட்டுக்கு சைக்கெடெலிக் ராக் என்று பெயர் இருப்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அது எனக்கு அத்தை சொன்ன கதை, அவ்வளவுதான்.

ரெக்கார்டிங்குக்காக மாமா ஒரு சிவப்பு பல்பு மாட்டியிருந்தார். அது எரியும்போது தும்மக்கூடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். கடைசியில் என்னை மைக் முன்னால் நிறுத்தினார்.

“அத்தை கேட்ட மாதிரியே கேளு பாப்பா.”

பல்பு எரிந்தது. நான் அத்தையைப் போலவே மெல்ல இழுத்துக் கேட்டேன்: “அவரு வந்துட்டாரா?”

“வந்துட்டேன்” என்றார் மாமா.

எனக்கு வந்ததே கோபம். சட்டம் போட்டவரே நடுவில் பேசுகிறார்! தாடிக்காரர் மெஷினை நிறுத்துவார் என்று பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். பிறகு இருவரும் ஏதோ பேசி, அந்தத் துண்டு நாடாவை மட்டும் தலைகீழாகத் திருப்பி ஓட்டினார்கள். என் கேள்வியும் அவர் பதிலும் தண்ணீர் சாக்கடைக்குள் உறிஞ்சப்படுவது போலக் கேட்டன. ஒரு சொல்லும் புரியவில்லை. என் குரல் போய்விட்டதே என்று பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதேன்.

அதன் பிறகு மாமா கிடாரைத் தொடவில்லை. தாடிக்காரர் ஊருக்குப் போகும்போது அதை அவரிடமே கொடுத்துவிட்டார். பாட்டு மட்டும் ஒரு கேசட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தது.

மாமாவே அதைப் போட்டுக் காட்டினார். மல்லாட்டை விளக்கு வந்ததும் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“இன்னாப்பா இது, கஞ்சா பாட்டா?” என்றவர், தலைகீழ்த் துண்டு வந்ததும், “டேப்பு சிக்கிக்கிச்சு பாரு” என்று எழுந்தார். “இதுக்கு இன்னாதான் அர்த்தம்?”

மாமாவை முந்திக்கொண்டு நான் சொன்னேன். “சிக்கிக்கலப்பா. நான் கரெக்டாத்தான் கேட்டேன். மாமாதான் நடுவுல பேசிக் கெடுத்துட்டாரு. அதான் திருப்பிப் போட்டுட்டாங்க.”

“ஆமா பாப்பா” என்றார் மாமா. “நான் சொன்னது லேட்டு.”

அம்மா முறத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் விடவில்லை. “லேட்டு இல்ல மாமா, ஒடனேதான் சொன்னீங்க” என்று அவரைத் திருத்தினேன்.