எல்வா சித்தி பனியை உடைத்துக்கொண்டு போன நாள்

ஸ்மித் தீவில் நாங்கள் எதையும் தலைகீழாகத்தான் சொல்வோம். மழையில் தொப்பலாக நனைந்து வருபவனிடம், "நல்லா காஞ்சுபோய் வந்திருக்கே" என்போம். மேரிலாந்தின் கரையோர ஊர்க்காரர்களுக்கே எங்கள் பேச்சு சட்டென்று பிடிபடாது. அந்தப் பேச்சில் என் எல்வா சித்தியை மிஞ்ச ஆள் கிடையாது. சித்தப்பா முதுகு ஒடிந்து வீட்டோடு கிடந்த பிறகு, அவருடைய படகை எடுத்துக்கொண்டு சிப்பி வாரப் போனவள் அவள். படகுத்துறையில் நிற்கும் ஆண்கள், "எல்வாவுக்கு இதெல்லாம் எங்கே வரப்போகுது" என்பார்கள். அது பாராட்டு.

எழுபத்தேழாம் வருட ஜனவரியில் தீவைச் சுற்றியுள்ள விரிகுடா உறைந்துபோனது. எனக்கு எட்டாம் மாதம். ஒரு காலை இடுப்பு வலி எடுத்தது, இரத்தமும் கண்டது. தீவில் டாக்டர் இல்லை. கொட்டுகிற பனியில் ஹெலிகாப்டர் வராது என்று ரேடியோவில் கைவிரித்துவிட்டார்கள்.

சித்தி ஓடி வந்தாள். அடுக்கு கேக்குக்கு மெல்லிய அடைகளாக வார்த்துக்கொண்டிருந்தவள், பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தாள். கையெல்லாம் மாவு.

"ஒண்ணும் அவசரமில்லை, கோரா. சாவகாசமா கிளம்பு" என்றாள்.

என் கணவன் லாயிட் அப்போதே என்னைப் போர்வையில் சுற்றித் தூக்கினான். பனிக்கட்டி பலகையை அறுத்துவிடாமலிருக்க, ஆண்கள் அதற்குள் சித்தியின் படகு முகப்பில் தகரம் அடித்திருந்தார்கள்.

அக்கரையில் ஆஸ்பத்திரி இருக்கும் க்ரிஸ்ஃபீல்டு துறைமுகத்துக்கு அன்று வழி என்று ஒன்று இல்லை. சித்தி படகைப் பின்னுக்கு இழுப்பாள், வேகமெடுத்துப் பனியில் மோதுவாள், கொஞ்ச தூரம் விரிசல் விடும். மறுபடி பின்னுக்கு. படகின் அறைக்குள் படுத்திருந்த எனக்கு, காதோரம் யாரோ ரம்பத்தால் அறுப்பதுபோலக் கேட்டது. பிறகு முதுகுக்குக் கீழே போர்வை ஈரமானது.

"லாயிட், தகரம் பிஞ்சிருச்சு. தண்ணி உள்ளே வருது. எனக்குப் பயமா இருக்கு."

சித்தி இப்படி நேராகப் பேசி நான் கேட்டதே இல்லை. வலியைவிட அந்தப் பேச்சுதான் என்னை உலுக்கியது.

"திரும்பிடலாமா, சித்தி?" என்றான் லாயிட்.

"வந்த வழி மூடிருச்சு. அப்படியே போனாலும் இவளை வெச்சு அங்கே என்ன பண்றது? நீ தண்ணி இறைக்கிற பம்பை மட்டும் விடாதே."

"சித்தி, குழந்தை அசையலை" என்றேன்.

இன்ஜின் சத்தம் மட்டும் கூடியது.

துறைமுகம் கண்ணுக்குத் தெரியும்போது இன்ஜினில் தண்ணீர் ஏறி நின்றுவிட்டது. லாயிட் ஊதுகுழலை ஊதிக்கொண்டே இருந்தான். கரையிலிருந்து சிலர் ஒரு சிறு படகைப் பனிமேல் இழுத்துக்கொண்டு வந்தார்கள். என்னை ஏற்றும்போது பார்த்தேன்: சித்தி கெண்டைக்கால்வரை தண்ணீரில் நின்றிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

சாயங்காலம் மகள் பிறந்தாள். உள்ளங்கையில் அடங்கிவிடுவாள் போலிருந்தாள், பிழைத்துக்கொண்டாள். படகு பிழைக்கவில்லை. இரண்டு பனிப்பாளங்கள் அதை நெருக்கி உள்ளே இழுத்துக்கொண்டதை, சித்தி துறையில் நின்று பார்த்தாளாம்.

பனி உருகியதும் ஊரே கூடிப் படகை மேலே எடுத்தது. பலகை மாற்றி, அந்தக் கோடையிலேயே அவள் நண்டு பிடிக்கப் போனாள். ஆனால் குளிர்காலத்தில் தொழிலுக்குப் போவதை அடியோடு விட்டுவிட்டாள். பாலில் ஏடு படிவதுபோல ஓடையில் பனி கட்ட ஆரம்பித்தால், லாயிட் கடலுக்குப் போகும் நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். காப்பி கொடுத்தால் ஆறவிடுவாள். அவன் கரையேறும்வரை கோட்டைக் கழற்றாமலே ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள்.