மரகதப் பச்சையில் ஒரு பஞ்சாபி சூட்

டிசம்பர் பிறந்தால் போதும், என் அலுவலகத்தில் எல்லாருக்கும் ஞானமும் சேர்ந்தே பிறந்துவிடும். வருடம் முழுக்க மேசைக்கு அடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு செருப்பு விலை பார்த்தவர்கள், இந்த ஆண்டு தங்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடங்களைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். என் பக்கத்து மேசைக்காரி அதில் முதல் ஆள். விடியற்காலையில் எழுந்து எலுமிச்சைச் சாறு பிழிந்த வெந்நீர் குடிப்பாளாம். கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பாளாம். நன்றி சொல்ல வேண்டியவற்றையெல்லாம் மனத்துக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்வாளாம். இத்தனையும் செய்கிறவள் ஏன் தினமும் தாமதமாக வந்து லிப்டைக் குறை சொல்கிறாள் என்று நான் இதுவரை கேட்டதில்லை.

இந்த வருடம் அவள் என்னையும் விட்டுவைக்கவில்லை.

"அக்கா, உங்க ரூட்டின் என்னா? சொல்லுங்களேன், ஆபீஸ் குரூப்ல போடலாம்."

"எந்திரிப்பேன். காப்பி குடிப்பேன். கொஞ்ச நேரம் தைப்பேன். வேலைக்கு வருவேன்."

"தைக்கிறது ஒரு தெரபிலாக்கா. மனசு அப்படியே அமைதியாயிடும் இல்ல?"

"தைச்சா போட்டுக்க உடுப்பு இருக்கும். வேற ஒண்ணும் இருக்காது."

நான் நகைச்சுவையாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். தையலில் மன அமைதி கிடைக்கிறது என்று சொல்கிறவர்கள் யாரும் ஒரு சட்டைக் கையைக் கைக்குழியில் வைத்துத் தைத்தவர்களாக இருக்க முடியாது. அடி நூல் சிக்கும், ஊசி முறியும், வலது கை என்று நினைத்து இடது கையைப் பிடித்துத் தைத்திருப்போம். அதைப் பிரிக்கும்போது என் வாயில் வருகிற வார்த்தைகளைக் கேட்டால் அவளுடைய வெந்நீர் அப்படியே ஆறிப்போகும்.

நான் எனக்கு நானே தைத்துக்கொள்வதற்குக் காரணம் மிகவும் எளிது. கடையில் விற்கிற எதுவும் எனக்குச் சேராது. நான் குள்ளம், தோள் அகலம். கடை உடுப்பு செய்கிறவர்கள் மனதில் வேறு யாரோ ஒருத்தி இருக்கிறாள். அவளுக்குத் தோளே கிடையாது, அவள் குனியவே மாட்டாள், அவளுக்குச் சாவி, சில்லறை, கைப்பேசி எதுவும் இல்லை போலிருக்கிறது, ஏனென்றால் அவளுடைய உடுப்பில் பாக்கெட் இருப்பதில்லை. சில உடுப்புகளில் பாக்கெட்டின் வாய் மட்டும் தைத்திருப்பார்கள், உள்ளே ஒன்றும் இருக்காது. அந்த ஏமாற்று வேலையை யோசித்துக் கண்டுபிடித்தவரை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். சரி, தையல்காரியிடம் கொடுக்கலாமென்றால், அளவுச் சட்டையைக் கையில் கொடுத்த பிறகும் தனக்குப் பிடித்த அளவில் தைத்துக் கொடுத்துவிட்டு, "போடப் போடச் சரியாயிடும்கா" என்பாள். போடப் போடச் சரியாவதற்கு அது புதுச் செருப்பா?

ஆகவே பழைய மிஷின் ஒன்றை வாங்கினேன். நிறையத் துணியைப் பாழாக்கினேன். பிறகு கை வந்துவிட்டது. என் உடுப்புகள் எல்லாவற்றுக்கும் இப்போது ஆழமான பாக்கெட் உண்டு.

மிஷின் வந்த சேதி உறவுக்குள் பரவியதும் ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். "சின்ன வேலைதான், ஓரம் மட்டும் மடிச்சுக் குடு." சின்ன வேலை என்று சொல்லி வந்தவை திரைச்சீலைகள், பள்ளிச் சீருடைகள், யாரோ ஒருவரின் தலையணை உறைகள். நான் எனக்கு மட்டும்தான் தைப்பேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். அன்றிலிருந்து குடும்பத்தில் எனக்குப் பெயர் "சொம்போங்". மலாய்க்காரர்கள் திமிர் பிடித்தவர்களைச் சொல்கிற சொல். கல்யாணம் கட்டாத, ஜார்ஜ்டவுனில் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிற, தன் துணியைத் தானே தைத்துக்கொள்கிற ஒருத்திக்கு அந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்தும். தோளில் எங்கும் இழுக்கவில்லை. நானும் அதைப் பிடித்தே போட்டுக்கொண்டேன்.

இனித் தீம் கலருக்கு வருகிறேன்.

ஒரே நிறத்தில் உடுத்தி நின்றால் குடும்பம் ஒற்றுமையாகிவிடும் என்று யாரோ நம் ஆட்களிடம் சொல்லிவிட்டார்கள். மலாய்க்காரர்கள் நோன்புப் பெருநாளுக்குச் செய்வதைப் பார்த்து நமக்கும் தொற்றிக்கொண்டது. தீபாவளிக்கு ஒரு நிறம், கல்யாணத்துக்கு ஒரு நிறம், பிறந்தநாளுக்கு ஒரு நிறம். கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில் இருக்கும் என் அண்ணன் வீட்டில் வருடக் கடைசி ஞாயிறன்று எல்லாரும் கூடிச் சாப்பிடுவது வழக்கம். அதற்கும் ஒரு நிறம் வந்துவிட்டது. அண்ணனின் மூத்த மகள்தான் ஏற்பாடு. குடும்பக் குரூப்பில் நிறத்தை அறிவிப்பாள், இணையத்தில் மொத்தமாகத் துணி எடுப்பாள். வருடம் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத மாமனாரும் மருமகனும், பள்ளி விளையாட்டுப் போட்டியில் பச்சை அணிப் பிள்ளைகள் நிற்பதைப் போல ஒரே சட்டையில் நின்று பல்லைக் காட்டுவார்கள். நான் மட்டும் நானே தைத்த பழுப்பு உடுப்பில் ஓரமாக நிற்பேன். எனக்கு அதில் பெருமைதான்.

இந்தத் தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனபோது, போன வருடப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். எல்லாரும் இருந்தார்கள். அண்ணி தரப்புச் சொந்தக்காரர்கள்கூட இருந்தார்கள். வலது ஓரத்தில் பழுப்பாக ஏதோ தெரிந்தது. என் கை. தோளிலிருந்து முழங்கை வரை கை மட்டும்.

"பிரேமுக்கு சைஸ் பத்தலம்மா, கடைக்காரன் கொஞ்சம் வெட்டிட்டான்," என்றார் அண்ணி, முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே.

"பரவால்ல அண்ணி," என்றேன்.

கையை நன்றாகத்தான் தைத்திருந்தேன். ஒரு சுருக்கமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே முறுக்கு தின்றேன். பரவாயில்லை என்று சொன்னேனே தவிர எனக்கு வலித்தது. வீடு வந்து சேரும்வரை வலித்தது. இத்தனை வருடம் அந்தப் படத்தை ஏளனம் செய்துவிட்டு, அதில் இல்லை என்றதும் வலிப்பது என்ன நியாயம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டியும் வலி போகவில்லை.

அடுத்த வாரம் குரூப்பில் அண்ணன் மகள் அறிவித்தாள்: வருடக் கடைசிக்கு மரகதப் பச்சை, எல்லாருக்கும் ஓகேயா என்று. வரிசையாகக் கட்டை விரல்கள் வந்து விழுந்தன. நான் பதில் போடவில்லை. ஆனால் முடிவு எடுத்துவிட்டேன். இந்த முறை பச்சையில் போய் நிற்பது, நடுவில் நிற்பது, எந்தக் கடைக்காரனும் வெட்ட முடியாத இடத்தில் நிற்பது. யாரிடமும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொன்னால், "அத்தை வழிக்கு வந்துட்டாங்க" என்று அதற்கு ஒரு கூத்து நடக்கும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

அதற்குப் பிறகு குரூப்பில் காலை வணக்க ரோஜாக்களும், கை கூப்பும் படங்களும், யாரோ மருத்துவர் சொன்னதாக வெண்டைக்காய்த் தண்ணீரும் வந்தபடி இருந்தன. சத்தம் பொறுக்காமல் குரூப்பை ஊமையாக்கினேன். திறந்து பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை சூலியா தெருப் பக்கம் ஒரு துணிக்கடைக்குப் போனேன். பச்சையிலேயே பல பச்சை. கடைக்கார அண்ணன் ஒவ்வொரு கட்டாக உருட்டிக் காட்டினார்.

"தீம் கலராக்கா? எத்தன பேருக்கு?"

"ஒருத்தருக்கு."

"ஒருத்தருக்கா?" அவர் கத்தரியை அப்படியே நிறுத்தினார். "ஒருத்தருக்கு எதுக்குக்கா தீம் கலரு?"

"வெட்டுங்கண்ணே," என்றேன்.

அந்தத் துணியில் ஒரு பஞ்சாபி சூட் தைத்தேன். அதைத் தைத்ததுபோல வேறு எதையும் நான் தைத்ததில்லை. காலையில் காப்பிக்குப் பிறகு தினமும் கொஞ்சம். கழுத்தைச் சுற்றி அதே துணியில் மெல்லிய பட்டி வைத்தேன். உள்ளே லைனிங் வைத்து, பிசிறு ஒன்றும் தெரியாமல் மடித்தேன். பாக்கெட்டை இடுப்புத் தையலுக்குள் மறைத்தேன். கையை வைத்த அன்று ஒரு கெட்ட வார்த்தைகூட வரவில்லை. சந்தோஷமாக இருந்தேன். பக்கத்து மேசைக்காரி இதைப் படித்தால் தெரபி என்பாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

என்ன பேசுவது என்றுகூட ஒத்திகை பார்த்துவைத்தேன். "அட, அத்தையும் பச்சை!" என்று மூத்தவள் கத்துவாள். நான் அலட்டிக்கொள்ளாமல், "வீட்டுல கெடந்த துணி" என்பேன். அவ்வளவுதான். பிறகு போய் நடுவில் நிற்பேன்.

வருடக் கடைசி ஞாயிறு காலை ஃபெர்ரியில் பட்டர்வொர்த் போகும்போது எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்கார அம்மா என் உடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே வாங்கினாய், அழகாக இருக்கிறதே என்று மலாயில் கேட்டார். நானே தைத்தது என்றேன். நம்பாமல் கை ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். பாக்கெட்டையும் காட்டினேன். கைப்பேசி அதற்குள் ஊமையாகக் கிடந்தது.

அண்ணன் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. உள்ளே கால் வைத்தேன். கூடம் முழுக்க ரோஜா நிறம்.

பச்சை எங்கும் இல்லை. அண்ணன், அண்ணி, மகள்கள், மருமகன், குழந்தைகள், பக்கத்தில் யாரோ மடியில் வைத்திருந்த கைக்குழந்தை, எல்லாரும் தூசி படிந்தாற்போல் வெளுத்த ஒரு ரோஜா நிறத்தில் இருந்தார்கள். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

"வாங்கத்தை!" மூத்தவள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "நீங்க எப்பவும் போல தனி ஸ்டைல்தான்!"

"என்ன கலர் இது?" என்றேன்.

"டஸ்டி பிங்க். மொதல்ல பச்சைதான் பேசுனோம். ஆன்லைன்ல குழந்தைங்க சைஸ் இல்லலா, அதான் மாத்திட்டோம். குரூப்ல சொன்னோமே?" பிறகு கொஞ்சம் சங்கடமாக, "உங்களுக்கும் ஒண்ணு எடுக்கலாம்னுதான் கேட்டேன்," என்று அப்பாவைப் பார்த்தாள்.

அண்ணன் சோபாவில் சாய்ந்தபடி சிரித்தார். "நான்தான் வேணாம்னேன். கடையில வாங்குனத அவ போடுவாளா? எடுத்துக் குடுத்துட்டுத் திட்டும் வாங்கணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

அண்ணி மட்டும் என் பக்கத்தில் வந்து துணியைத் தொட்டுப் பார்த்தார். "இது அந்தப் பச்சை மாதிரியே இருக்குதேம்மா? மொதல்ல பேசுனமே, அது." குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். வேண்டுமென்றால் அப்போது சொல்லியிருக்கலாம். ஆமாம் அண்ணி, இதற்காகத்தான் தைத்தேன், இவ்வளவு நாள் தைத்தேன் என்று ஒரு வரி. அண்ணி தன் துப்பட்டாவைக்கூட எனக்குப் போர்த்தியிருப்பார்.

"வீட்டுல கெடந்த துணி அண்ணி," என்றேன்.

ஒத்திகை பார்த்த வசனம் வீண் போகவில்லை.

சாப்பாடு முடிந்ததும் படத்துக்கு நின்றார்கள். நான் மூலையில் உட்கார்ந்து ஒவ்வொருவராக அளந்தேன். அண்ணியின் தோள் தையல் பாதிக் கையில் கிடந்தது. அண்ணனின் ஜிப்பா பொத்தான்கள் வயிற்றில் மூச்சு முட்டின. மருமகனின் சட்டை ஓரம் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. மூத்தவள் நீளம் அதிகமென்று ஊக்கு குத்தி வைத்திருந்தாள், ஊக்கு வெளியே தெரிந்தது. இத்தனை மோசமான தையலை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"யாரு எடுக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே மூத்தவள் கைப்பேசியோடு சுற்றிலும் பார்த்தாள். அவள் பார்வை என்மேல் வந்து நின்றது. "அத்தை, நீங்க எடுங்களேன். உங்களுக்குத்தான் கை ஆடாது."

"அவளும் நிக்கட்டுமேலா. டைமர் வையி," என்றார் அண்ணன். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பொத்தானைச் சரி செய்துகொண்டே சொன்னார்.

"நான் நின்னா கலர் கெட்டுடும். குடு போனை," என்றேன்.

மறுப்பு வரக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. மூத்தவள் கைப்பேசியைத் தந்துவிட்டு ஓடிப்போய் நடுவில் நின்றுகொண்டாள். கைக்குழந்தையை முன்னால் தூக்கிப் பிடித்தார்கள். நான் ஓரங்களைப் பார்த்தேன். யாருடைய கையும் வெட்டுப்படாதபடி இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

"எல்லாரும் இருக்கமா அத்தை?"

திரையில் ஒருமுறை இடமிருந்து வலமாகப் பார்த்தேன்.

"இருக்கீங்க, எல்லாரும் இருக்கீங்க. சிரிங்க," என்று சொல்லி அழுத்தினேன்.