கட்டாரில் இருந்த சுவிச்சு

ஸ்மார்ட் பிளக் பூட்டுற தொழிலுக்கு வயர் தெரிஞ்சாப் போதாது, அந்த வீட்டுப் புருசன் பெண்சாதிச் சண்டையும் தெரிஞ்சிருக்க வேணும். இதே வேலையில கிடந்து சீரழியுற சகோதரங்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரியத் தேவையில்ல. காத்தான்குடியில ஒரே வீட்டில நான் பட்டதைக் கேளுங்க.

எல்லாம் தெரிஞ்ச ஆள்

நவாஸ் நானா கட்டார்ல வேலை. லீவு முடிஞ்சு போக முதல், வீடு முழுக்க ஸ்மார்ட் பிளக் போடச் சொன்னார். சுவர்ல ஒரு சின்னப் பெட்டியைச் சொருகினா, எங்க இருந்தும் போனாலயே அணைக்கலாம், போடலாம். டீவி, ஸ்டாண்ட் ஃபேன், அவர்ட மனுசி பரீனா ராத்தாட தையல் மெசின், ஒண்டையும் விடல்ல.

கடைசியா ரவுட்டரைக் காட்டினார். "நானா, இந்தப் பெட்டியெல்லாம் ரவுட்டராலதான் உங்கட போனோட பேசுது. அதை அங்க இருந்து அணைச்சா, திரும்பப் போட ஏலாது" எண்டன். என்னை மேலயும் கீழயும் பாத்தார்.

"பெரிய பில்டிங்குக்கே ஏசி பாக்கிற ஆள் நான். எனக்குச் சொல்லித் தாறியா?"

காணாமப் போன வீடு

நான் உன்னிச்சைப் பக்கம் ஒரு வேலையில நிக்கிறன், கட்டார்ல இருந்து போன். "தம்பி, வீட்டையே காணல்ல." வேற என்ன, கரண்ட் மிச்சம் பிடிக்க ரவுட்டரை அணைச்சிருக்கார் மனுசன்.

வேலையை விட்டுட்டு ஓடிப்போய்ப் பெட்டியில இருந்த பட்டனை அமத்தினன். ரவுட்டர்ல லைட் வந்திச்சு. ராத்தாட முகம் இருண்டு போச்சு.

"இது அணைஞ்சு கிடந்த நேரம்தான் நிம்மதியாத் தைச்சன் தம்பி. நல்லாத்தான் வந்தாய்."

நடுவில நிண்ட மெசின்

நோன்புப் பெருநாள் கிட்ட ராத்தாவே கூப்பிட்டா. மெசின் தைச்சுக்கிட்டு இருக்கக்குள்ள நிண்டு போகுதாம். பட்டனை அமத்தினா ஓடுது, கொஞ்சத்தால திரும்ப நிக்குது. பழுது மெசின்ல இல்ல, கட்டார்ல. தன்ட மனுசி ஊராருக்கு உடுப்புத் தைக்கிறது நானாவுக்குக் குறைச்சலாம். வெளியில சொல்ற நியாயம் கரண்ட் பில். பெட்டியைக் கழட்டினா அங்க போன்ல தெரிஞ்சிரும், புள்ளைகளுக்கு முன்னால ஏச்சு விழும்.

அறை முழுக்கத் தைக்காத துணி. பெருநாளைக்குள்ள குடுக்காட்டி அடுத்த வருசம் ஒருத்தியும் வர மாட்டா. "எல்லாத்தையும் என்ட போனுக்கு மாத்து" எண்டா. நானா என்னைக் கொல்லுவார் எண்டு இழுத்தன். எனக்கு உண்மையாவே பயம்தான்.

"இது என்ட உம்மா வாப்பா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. அவர் இங்க வந்து ஏறின மாப்புள. சுவிச்சு யார்ட கையில இருக்கோணும், நீயே சொல்லு."

லைட் மின்னுமட்டும் பட்டனை அமத்திப் பிடிச்சு, ஒவ்வொண்டா மாத்திக் குடுத்தன். மனசுக்கு நல்லா இருந்திச்சு.

ஏசிக்காரன்ட வேர்வை

வீட்டைக் காணல்லையே எண்டு கட்டார்ல இருந்து கேட்டப்பல்லாம், "திரும்பவும் ரவுட்டரை அணைச்சிட்டீங்களோ?" எண்டு ராத்தா சமாளிச்சிருக்கா. அவருக்கே தன்மேல சந்தேகம் வந்திட்டு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவுல வந்து ஹோல்ல சாஞ்ச மனுசன், உடன எனக்குப் போன்: "ஃபேன் ஓடுதில்ல, ஓடி வா."

போனன். நானா பனியன் நனைஞ்சு இருக்கார். பட்டனை அமத்துறார், ஃபேன் சுத்துது, உடன நிக்குது. திரும்ப அமத்துறார், திரும்ப நிக்குது. உள் அறையில மெசின் நிக்காம ஓடுது, பக்கத்தில ராத்தாட போன். நானா என்னை முறைச்சார். பெரிய பில்டிங்குக்கு ஏசி பாக்கிற ஆளுக்கு நான் என்னத்தைச் சொல்ல? துணியில இருந்து கண்ணை எடுக்காம ராத்தாதான் சொன்னா:

"கரண்ட் பில் கூடும் எண்டு நீங்கதானே சொன்னீங்க. பெருநாள் உடுப்பு முடியட்டும், போடுறன்."

அண்டையில இருந்து எந்த வீட்டுக்கு பிளக் பூட்டப் போனாலும், வைஃபை பாஸ்வேர்டைக் கேக்க முதல் வீடு யார்ட பேர்ல இருக்கெண்டுதான் கேக்கிறன்.