குழாய் இருந்தால் குரல் வராது

மூச்சு மிஷினை நான் ஒரு ரப்பர் கையுறையை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். திண்டிவனத்தில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. எங்கள் குழந்தை டாக்டர் எங்கிருந்தோ பழைய வென்டிலேட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, பச்சைக் குழந்தைகளை வைக்கும் கண்ணாடி அறையின் மூலையில் நிறுத்தினார். அதுவரை மூச்சு திணறுகிற குழந்தை பிறந்தால் விழுப்புரத்துக்குத்தான் அனுப்புவோம். போகிற வழியிலேயே போன குழந்தைகளும் உண்டு.

டாக்டர் இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தார். மிச்சத்தை நானே தேடிக்கொண்டேன். மிஷினோடு வந்த புத்தகம் இங்கிலீஷ். நான் கண்டமங்கலம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தவள். போனில் வீடியோ பார்த்து, தெரியாத வார்த்தையெல்லாம் தேடி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மிஷின் முன்னால் உட்கார்ந்துகொள்வேன். குழாயின் நுனியில் கையுறையை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் அதுதான் நுரையீரல். ஐந்து விரலும் எழும், படுக்கும். அழுத்தத்தை ஒரு சுற்று கூட்டினால் விரல்கள் விறைத்துக்கொண்டு நிற்கும். நிஜக் குழந்தையென்றால் உள்ளே கிழிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு மறுபடி குறைப்பேன்.

எங்கள் அறையைத் துடைத்துச் சுத்தம் செய்கிற ஆயா அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போகமாட்டார்.

"ஏம்மா, வூட்டுக்காரர வுட்டுட்டு இந்த மிஷினோட குடித்தனம் பண்ணிக்கினு கீறியா? சோறு ஆறிப் போச்சு."

"அவரு சொன்ன பேச்சு கேக்க மாட்டாருக்கா. இது கேக்குது."

"கேக்கும் கேக்கும். ஒரு நாளு பேஜாரு பண்ணும், அன்னிக்குத் தெரியும்."

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கேட்ட பேச்சை எழுதி வைப்பேன். டியூட்டி நோட்டின் கடைசிப் பக்கங்களில் அம்மாக்கள், அப்பாக்கள் சொன்னவை நிறைய இருக்கின்றன. "எம் புள்ளைக்கு அந்த மிஷினு காத்த ஊட்டி வுடுதுங்க" என்று ஒருத்தி சொன்னாள். வென்டிலேட்டருக்கு அதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

மருந்து அலமாரியின் கதவில், உள்பக்கமாக, நான் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தேன். மிஷின் சத்தம் போட்டால் நாலு கேள்வி. குழாய் நகர்ந்ததா? குழாய் அடைத்ததா? நெஞ்சுக்குள் காற்று கசிந்ததா? மிஷினில் கோளாறா? இந்த வரிசை மாறக் கூடாது. அதற்குக் கீழே கட்டம் கட்டி இன்னொரு வரி: குழாய் இருந்தால் குரல் வராது. மூச்சுக்குழாய்க்குள் போகிற குழாய் குரல் எழும் இடத்தைத் தாண்டித்தான் போகிறது. அது சரியாக இருக்கும்வரை குழந்தை அழுதாலும் முகம் மட்டும்தான் கோணும், சத்தம் வராது. அதை எழுதியது என் கைதான். அதனால்தான் சொல்கிறேன்.

கிளியனூர் போகிற சாலையில் உள்ளே தள்ளி ஒரு கிராமம். அங்கிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். குழந்தையின் அப்பா புதுச்சேரியில் ஒரு கம்பெனிக்குத் தினமும் போய்வருகிறவர். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டான பிள்ளை, இரண்டு மாதத்துக்கும் முன்பே பிறந்துவிட்டது. ஒன்றரைக் கிலோகூட இல்லை. அம்மாவுக்கு ஆபரேஷன், மாடியில் படுத்திருந்தாள், குழந்தையை இன்னும் பார்க்கவில்லை. விழுப்புரத்தில் படுக்கை காலியாகும்வரை எங்கள் மிஷினில் வைத்திருப்பது என்று முடிவானது. டாக்டர் குழாயைப் போட்டார். அது நகராமல் உதட்டுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டியது நான்.

மறுநாள் காலை. கையுறையின் விரல்களைப் போலவே அந்த நெஞ்சு எழுந்து படுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் கீழே வெளிநோயாளிகளைப் பார்க்கப் போயிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அப்பா நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டு.

"சிஸ்டர், கொழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்கணுங்க. சாமியாரு திருவக்கரை பக்கம் போயிக்கிறாரு, வர சாய்ங்காலம் ஆவுமாம். உசுருக்கு ஆபத்துன்னா யாரு வோணா குடுக்கலாம்னு போன்ல சொன்னாரு. என்னய உள்ள வுட மாட்டீங்க. நீங்களே குடுத்துடுங்க."

"நான் இந்துங்க. எங்க வூட்ல மாரியம்மன் கோயிலோட சரி."

"அதுவும் கேட்டேன். பரவால்லன்னாரு. மனசோட சொன்னா போதுமாம். தண்ணி மட்டும் நெத்தியில ஓடணும். சும்மா தொட்டு வெச்சா ஆவாதாம்."

சீட்டில் பெயரும் அதற்குப் பிறகு சொல்லவேண்டிய இரண்டு வரியும் இருந்தன. மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்படி ஒரு காரியத்துக்கு ஒருத்தர் என்னைக் கேட்டதில் ஒரு பெருமைகூட இருந்தது, மறைப்பானேன். சுத்தத் தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து, கை வெப்பத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். சீட்டைப் பார்த்துப் படித்தபடி நெற்றியில் மூன்று தடவை ஊற்றினேன். ஓடியது. நெற்றியிலிருந்து கன்னத்துக்கு ஓடி, காதோரம் இறங்கியது. பஞ்சு வைத்துக் கன்னத்தைத் துடைத்தேன். ஆயா ஈரத் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். அவரும் மாரியம்மன்தான்.

உதட்டின் மேல் இருந்த பிளாஸ்டரைத் தொட்டுப் பார்க்கவில்லை.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். அலமாரியில் ஊசி எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் பூனைக்குட்டி போல ஒரு சத்தம். மறுபடியும் ஒரு தடவை.

"அழுவுதும்மா" என்றார் ஆயா. "தண்ணி ஊத்துன நேரம், பாரு."

கண்ணாடிக்கு வெளியே அப்பாவுக்கும் கேட்டுவிட்டது. அவர் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். போனை எடுத்து மாடிக்குப் பேசினார். "அழுவுதுடி. தோ, கேக்குது பாரு" என்று போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தார்.

நான் சிரித்தேன். என் கண்ணுக்கு நேரே, அலமாரிக் கதவில், நானே எழுதிய வரி. அதைப் பார்த்துக்கொண்டுதான் சிரித்தேன்.

பிறகு மிஷின் கத்தியது. நாலு கேள்வியில் எனக்கு முதலில் வந்தது நாலாவது. ஹோஸில் தண்ணீர் சேர்ந்திருக்கும் என்று கழற்றி உதறி மாட்டினேன். எத்தனை மத்தியானம் அதையே பழகியிருந்தேன், கை தானாக அங்கேதான் போனது. மறுபடி கத்தியது. எந்தப் பொத்தானை அழுத்த என்று திரையில் தேடிக்கொண்டிருந்தேன். அழுகை நின்றதை நான் கவனிக்கவில்லை.

"சிஸ்டர், புள்ளய பாரு. மிஷின வுடு, புள்ளய பாரு" என்று ஆயா என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

குழந்தை நீலமாக இருந்தது. பிளாஸ்டர் ஒரு பக்கம் உரிந்து, குழாய் கன்னத்தின் மேல் கிடந்தது. மிஷின் அதன் வழியாகக் காற்றைத் தலையணைத் துணிக்கு ஊட்டிக்கொண்டிருந்தது.

கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கிற பையை எடுத்து, முகமூடி வைத்து அமுக்கினேன். ஆயா டாக்டரைக் கூப்பிட ஓடினார். டாக்டர் வந்து, மூன்றாவது முயற்சியில்தான் குழாய் உள்ளே போனது. நிறம் திரும்பியது. அவர் பழைய பிளாஸ்டரை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"ஈரமா இருக்கே?"

சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவர் அந்தப் பிளாஸ்டரைக் குப்பைக் கூடையில் போட்டார்.

"கேஸ் ஷீட்ல, குழாய் வெளியே வந்தது, திரும்பப் போட்டோம்னு எழுதுங்க. அது உண்மைதானே."

எழுதினேன். ஏன் வந்தது என்பதற்கு அந்தத் தாளில் இடமில்லை. வெளியே அப்பாவிடம் டாக்டர், மூச்சு மறுபடி மோசமாகிவிட்டது, உடனே விழுப்புரம் போகவேண்டும், எப்படியாவது இடம் வாங்குகிறேன் என்றார். வாங்கினார். விக்கிரவாண்டி தாண்டி விழுப்புரம் வரைக்கும் ஆம்புலன்ஸில் பையை அமுக்கியது நான். அமுக்கு, விடு, விடு. பிளாஸ்டர் மேலேயே கண். எதிரில் அப்பா. ஒரு தடவை மட்டும் கேட்டார்: "அழுதுச்சே சிஸ்டர், அப்புறம் ஏங்க?" பேச வேண்டாம் என்று தலையாட்டினேன், எண்ணிக்கை தவறிவிடும் என்பதுபோல. தவறாது. கை தானாக எண்ணும்.

மூன்றாம் நாள் குழந்தை இறந்தது. மூளையில் ரத்தக் கசிவு என்றார்களாம். இந்த எடையில் பிறக்கிற குழந்தைகளுக்கு அது எப்படியும் வரக்கூடியதுதான் என்று எங்கள் டாக்டர் சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

பத்து நாள் கழித்து அப்பா போன் செய்தார். சர்ச் பதிவேட்டில் எழுத வேண்டுமாம், ஞானஸ்நானம் கொடுத்தவர் வந்து சொன்னால் நல்லதாம். காலை டியூட்டி முடித்துப் பஸ் ஏறினேன். பங்குச் சாமியார் வயதில் சின்னவர், சாதுவாகப் பேசினார். சொன்ன வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"தண்ணி ஓடுச்சாம்மா?"

"ஓடுச்சு ஃபாதர்."

"நல்லா ஓடுச்சா?"

"கன்னம் வரைக்கும் ஓடுச்சு."

அவர் எழுதினார். என் பெயரையும் எழுதினார்.

வெளியே வேப்பமரத்தடியில் அப்பாவின் வண்டி நின்றது. "வூட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க. அவ உங்கள பாக்கணுங்கறா" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அங்கேயே நின்று சொல்லிவிட்டேன். தண்ணீர், பிளாஸ்டர், அழுகை ஏன் கேட்டது, நான் என்ன செய்துகொண்டிருந்தேன், எல்லாம். திட்டுவார், அடித்தாலும் அடிக்கட்டும் என்று நின்றேன்.

அவர் வண்டிச் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டுதான ஊத்துனீங்க."

"இல்லீங்க, பாக்காம வுட்டது நான். மிஷின நோண்டிக்கினு இருந்தது நான்."

"நெத்தியில ஓடணும்னு சொன்னது நானு." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உங்ககிட்ட கேக்கச் சொல்லி என்னய அனுப்புனது அவ. அவகிட்ட மட்டும் இத சொல்லிடாதீங்க சிஸ்டர்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் நெஞ்சிலிருந்து இறக்கியதை நான் தரையில் வைக்கவில்லை. அந்த மனிதர் தலையில் வைத்திருந்தேன்.

வீட்டில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து வந்தாள். தையல் இன்னும் ஆறவில்லை. காப்பியை அவளே கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா வாசலோடு நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போன்ல சரியா கேக்கலீங்க சிஸ்டர். இவரு சொன்னாரு. நீங்க கூட இருந்தீங்களே. எம் புள்ள நல்லா அழுதுச்சா?"

வாசலில் நின்றவர் திரும்பவில்லை.

"நல்லா அழுதுச்சும்மா" என்றேன்.

"சத்தமாவா?"

"சத்தமா."