லோகநாயகியின் ஆள்காட்டி விரல்

எங்கள் அலுவலகத்தில் லோகநாயகி அக்காவின் பெயர் தெரிந்தவர்கள் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள். செடிக்காரம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். வாடகைக்குத் தொட்டிச்செடி வைக்கும் காண்டிராக்டரின் ஆள். செவ்வாயும் வெள்ளியும் பெரும்பாக்கத்தில் பஸ் ஏறி, மேடவாக்கத்திலிருக்கும் எங்கள் கட்டடத்துக்கு ஏழரை மணிக்கெல்லாம் வந்துவிடுவார். ஒவ்வொரு தொட்டியிலும் ஆள்காட்டி விரலைப் பாதிக்கு மேல் மண்ணுக்குள் விடுவார். விரலில் ஈரமண் ஒட்டினால் அடுத்த தொட்டிக்குப் போய்விடுவார். காய்ந்திருந்தால் அடித்துளையில் வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டுவார். பாதித் தொட்டிகளுக்குத் தண்ணீரே காட்டாமல் தாண்டிப் போவதைப் பார்த்து, வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார் என்று நானே நினைத்திருக்கிறேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஆற்றோரக் குடிசையில் பிறந்து, அதை அரசாங்கம் இடித்தபோது பெரும்பாக்கம் குடியிருப்பில் ஆறாவது மாடி வீட்டுக்கு மாற்றப்பட்டவர். பெயின்டரான கணவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்து எட்டு வருடமாகிறது. இதெல்லாம் எனக்குத் தெரியவந்ததே மெர்வின் இறந்த பிறகுதான்.

மெர்வின் என் பக்கத்து மேசை. இருபத்தொன்பது வயது. ஒரு திங்கட்கிழமை காலை பொழிச்சலூரிலிருந்து பைக்கில் கிளம்பியவன் வந்து சேரவில்லை. அவன் மேசையில் வெள்ளைப் பீங்கான் தொட்டியில் ஒரு மணி பிளான்ட் இருந்தது. அதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்ததைச் செய்தோம், தண்ணீர் ஊற்றினோம்.

இந்தப் பக்கத்தில் எல்லோரும் லாரித் தண்ணீரிலும் கேன் தண்ணீரிலும் வளர்ந்தவர்கள். பாட்டிலில் மிஞ்சியதை வாஷ்பேசினில் கவிழ்க்க எங்களுக்குக் கை வராது. சாயங்காலம் கிளம்பும்போது அவரவர் பாட்டிலில் இருந்த மிச்சத்தை மெர்வின் செடிக்கு ஊற்றினோம். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஊற்றினால் மனசு கொஞ்சம் ஆறியது. இலை மஞ்சளாகித் தொங்கியபோது, தாகம் போலிருக்கிறது என்று நான் காலையிலும் ஊற்ற ஆரம்பித்தேன்.

இருபது நாள் ஆகியிருக்கும். நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் மெர்வினின் அம்மா பியூலா வந்து அவன் சாமான்களை வாங்கிக்கொள்வதாகத் தகவல் வந்தது. செடியையும் கேட்டிருந்தார். அது அவர் வீட்டுக் கொடியில் வெட்டியதாம்.

எங்கள் அட்மின் ராஜகோபால் சார் நேராக லோகநாயகி அக்காவிடம் பாய்ந்தார். "என்னம்மா, உன்ன எதுக்கு வச்சிருக்கோம்? அந்தச் செடி சாகுது பாரு!"

"ஸ்டாஃப் செடிய தொடாதன்னு நீதான சார் சொன்ன? இப்ப தொடட்டா?"

சார் தலையாட்டினார். அக்கா விரலை விட்டார். எடுத்து மோந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இன்னா மேடம் இது, சாக்கட மாதிரி நாறுது. யாரு ஊத்துனது?"

முதலில் நான் கை தூக்கினேன். அடுத்து எதிர் மேசை எழில். பிறகு ஒவ்வொன்றாக பதினோரு கைகள்.

"ஆளுக்கு ஒரு வாய்தான்க்கா ஊத்தினோம்," என்றேன்.

"பதினோரு வாய் ஆச்சே மேடம்! தொட்டில ஓட்டகூட இல்ல. தண்ணியிலயே கெடந்தா வேரு எப்டி மூச்சு வுடும்?"

"வாடிச்சேன்னுதான்..."

"தண்ணி இல்லாம வாடுனா எல மொறுமொறுன்னு ஆவும். இது கொழகொழன்னு கீது பாரு. காஞ்சிருந்தா தண்ணி ஊத்தி எழுப்பிருப்பேன். அழுவிப்போனத இன்னா பண்றது?"

அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "எங்கூட்டுக்காரரு போனப்ப ஆளாளுக்கு சோறு கொண்டாந்தாங்க. துன்னு துன்னுன்னு உசுர எடுத்தாங்க. அதுவும் பாசந்தான்."

செடியைப் பிடுங்கினார். வேர் கறுத்து, கையோடு கழன்று வந்தது. நீளக் கொடியில் இரண்டே இரண்டு துண்டுதான் கெட்டியாக இருந்தது. கணுவுக்குக் கீழே வெட்டி, ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, கணு மட்டும் முழுகும்படி வைத்தார். "வேர் வந்தா வரும். சத்தியம் பண்ணமாட்டேன். இதுக்கு எவனாச்சும் தண்ணி ஊத்துனீங்க, அவ்ளோதான்!"

அதன் பிறகு வேலையில்லாத நாளிலும் வந்தார், பாட்டில் தண்ணீரை மாற்ற. பஸ் செலவு அவருடையது. நாங்கள் ஒரு டீ வாங்கிக் கொடுத்தோம், பெரிய மனசுதான். பன்னிரண்டாம் நாள் சேமியா மாதிரி வெள்ளையாக ஒரு வேர் எட்டிப் பார்த்தது. நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

பியூலா ஆன்ட்டி வந்த வெள்ளிக்கிழமை இரண்டிலும் வேர் இருந்தது. அவர் மேசையைத் தடவினார். நாற்காலியைத் தடவினார். "செடி எங்கம்மா?" என்று கேட்டார்.

நான் பாட்டிலை நீட்டினேன். "நாங்கதான் ஆன்ட்டி, எல்லாரும் தண்ணி ஊத்தி ஊத்தி அழுக வச்சுட்டோம். இந்த அக்காதான் இதையாவது காப்பாத்தினாங்க. மன்னிச்சிருங்க."

ஆன்ட்டி பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து வேரைப் பார்த்தார்.

"அவனும் ரெண்டு தடவை அழுக வச்சான்மா. இங்கேயிருந்து போன் பண்ணுவான். 'அம்மா, மறுபடியும் போச்சும்மா'ன்னு. மறுநாள் புதுசா வெட்டி டிபன் பையில வச்சு அனுப்புவேன்." ஒரு கொடியை உருவி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டார். மற்றதை பாட்டிலோடு மெர்வின் மேசையில் வைத்தார். "இது இங்கேயே இருக்கட்டும். அழுகிப் போனா எனக்குப் போன் பண்ணுங்க."

"அழுவ வுடமாட்டேம்மா," என்றார் லோகநாயகி அக்கா.

ஆன்ட்டி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சும்மாவாவது பண்ணுங்க."

அந்தக் கொடி இப்போது துளையுள்ள மண்தொட்டியில் இருக்கிறது. அக்காவைத் தவிர யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் அதில் விரல் விட்டுப் பார்த்ததும், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுப்பார்.

"யம்மா, நாந்தான். நல்லா கீதும்மா."