சளி வரட்டும் என்று காத்திருந்த நாட்கள்

தென்காசி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சளிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிண்ணம் காலியாக இருந்தது. அதில் எனக்குப் பெருமைதான்.

நெல் அரவை மில்லில் முப்பத்தோரு வருஷம் கணக்கு எழுதியவன் நான். ஆறு மாதமாக இருமல். சாரல் தொடங்கியதும் அது கூடிற்று. க்ஷயமாக (நுரையீரலை அரிக்கும் தொற்றுநோய்) இருக்கலாம் என்று வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பிரசவத்துக்கு வந்திருந்த மகள் பிள்ளை பெற்றிருந்தாள். பேரனை அறை வாசலில் நின்றுதான் பார்த்தேன். க்ஷயம் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகே அவனைத் தூக்குவது என்று எனக்கு நானே விதித்திருந்தேன்.

ஆகவே பரிசோதனைக்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். மூச்சு முட்டுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் காய்ந்த ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைப்பார்கள். நானும் விடாமல் புகைத்தேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பார்வை மங்கியது. வறட்டு இருமல் இருந்தது, சளி நின்றுவிட்டது. நோயே அடங்கிவிட்டதாக நினைத்தேன்.

டாக்டர் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு விரிந்திருந்த என் கண்மணிகளைப் பார்த்தார்.

“ஊமத்தம் இலையா, அண்ணாச்சி?”

“ஆமா டாக்டர். இப்பம் சளியே இல்ல.”

“சளி இல்லாம நான் எத வச்சுப் பாக்க? வெத்துக் காயிதத்தைக் கொடுத்துட்டு பாஸ் போடச் சொல்லுதீயளே!”

உடன் வந்திருந்த என் மனைவி கோமதிக்கு அது போதும். “நல்லாச் சொல்லுங்கய்யா. வீடு பூரா புகை. கொசு ஓடிட்டு, இவுக இருமல் ஓடல.”

டாக்டர் பொறுமையாக விளக்கினார். மூச்சுக்குழாயின் உட்சுவரில் கிண்ணம் போன்ற ஜீவ அணுக்கள் (உடலைக் கட்டியிருக்கும் மிகச் சிறிய அறைகள்) இருக்கின்றன. அவை சுரக்கும் கோழையில் தூசியும் கிருமியும் ஒட்டிக்கொள்ளும். பக்கத்து அணுக்களின் நுண்மயிர்கள் அதை மேலே தள்ளிவிடும். வயிற்றிலும் இப்படிச் சுரக்கும் அணுக்கள் உண்டு. இல்லாவிட்டால் வயிற்றின் புளிப்பு நீர் வயிற்றையே அரித்துவிடும். தவிட்டுத் தூசியைப் பல வருஷம் சுவாசித்ததில் என் நெஞ்சில் அவை பெருகியிருக்கலாம். வற்றடித்தால் கோழை கெட்டியாகி உள்ளேயே அடைத்துக்கொள்ளும்.

ஊமத்தையை நிறுத்தினேன். வெந்நீர் குடித்தேன், ஆவி பிடித்தேன். இத்தனை காலம் காறித் துப்பியதை இப்போது வா வா என்று அழைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அடைந்திருப்பது க்ஷயமேதானோ என்ற பயமும் கூடவே இருந்தது. நாலாம் நாள் விடியலில் நெஞ்சின் அடியிலிருந்து அது வந்தது.

“பேரனுக்குப் பல்லு மொளச்ச மாதிரில்லா சந்தோசப்படுதீய!” என்றாள் கோமதி.

மூன்று தடவை சளியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார் டாக்டர். க்ஷயக் கிருமி இல்லை. இருமல் மட்டும் கடைசி வரை இருக்கும் என்றார்.

இதைப் படிக்கும் நோயாளிகளே, என்னைப் போல் மறைத்துக்கொண்டு போகாதீர்கள். இருப்பதை இருக்கிறபடி கொண்டுபோய்க் கொடுங்கள்.

அன்று சாயங்காலம் பேரனை மடியில் வாங்கினேன். அவன் தும்மினான், மூக்கு நுனியில் துளி ஈரம் மின்னியது. கோமதி துணியை எடுத்தாள்.

“இரு, கொஞ்சம் பாத்துக்கிடுதேன்.”

எனக்கு அறுபத்தேழு வயது. அவனுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. என் நெஞ்சில் கோழை சுரக்கும் அந்த வேலை தொடங்கியபோது என்னையும் யாரோ இப்படி மடியில் வைத்திருந்திருப்பார்கள். அன்றிலிருந்து ஒரு நாள்கூட அது நின்றதில்லை, நானே நிறுத்திவைத்த அந்தச் சில நாட்களைத் தவிர.