நோபல் பார்க்கில் ஒரு கடல் மீட்புப் படை

எங்கள் கடல் மீட்புத் தொண்டர் படை தலைமையகம் தேடியபோது நான்தான் செயலாளர். கூட்டக் குறிப்பு எழுத வேறு யாருக்கும் பொறுமை இல்லை. மெல்பேர்னில் வார இறுதிகளில் எஞ்சின் நின்று தவிக்கும் படகுகளைக் கரைசேர்ப்பது படையின் வேலை. நானும் மனைவியும் இந்த நாட்டுக்கு வந்ததே அப்படியொரு படகில்தான். பதினாறு நாள், கடைசி இரண்டு நாள் எஞ்சின் இல்லை. அவள் மீட்புப் படகில் போவதற்கென்று படையில் சேர்ந்தாள். அவள் போகாமல் பார்த்துக்கொள்ள நானும் சேர்ந்தேன். இதைக் குறிப்பில் எழுதவில்லை.

இரண்டு இடங்கள் கிடைத்தன. துறையோரத்துப் படகுக் கொட்டகைக்கு ஈரச் சுவர், கதவைத் திறந்தால் தண்ணீர். நோபல் பார்க் என்ற புறநகரில் இருந்த மண்டபத்தில் சமைக்க விசாலமான குசினி, உட்கார நாற்பது கதிரை, ரேடியோ வைக்க ஓர் அறை. கடல் மட்டும் இல்லை. நான் மண்டபத்துக்காக அரை மணிநேரம் வாதாடினேன். வாகனத் தரிப்பிடம் என்றதும் பாதிப்பேர் என் பக்கம் வந்தார்கள். மீதிப்பேரைக் குசினி பார்த்துக்கொண்டது. படகு துறையிலேயே நிற்கட்டும், இங்கிருந்து ரேடியோவில் பேசலாம் என்று தீர்மானமாயிற்று.

பயிற்சித் திட்டத்தையும் நானே எழுதினேன். புதியவர்களுக்கு முதல் பன்னிரண்டு மாதமும் ரேடியோ அறை. பிறகு முடிச்சு, முதலுதவி, வரைபடம். படகு கடைசிப் பக்கத்தில் வந்தது. அப்போது படையில் புதியவர் என்று இருந்தது என் மனைவி ஒருத்திதான், செயலாளரைக் கணக்கில் எடுக்காவிட்டால்.

அடுத்த கூட்டத்தில் திட்டத்தை அவள் கையில் கொடுத்தார்கள். விசாக் கடிதங்களை வாசிப்பதுபோல வரிவரியாக வாசித்தாள்.

"இதை ஆர் எழுதினது?"

"நான்தான். உம்மை அனுப்ப எனக்குப் பயமாக் கிடக்கு."

"எனக்கும் பயம்தான். அண்டைக்கு எங்களைப் படகிலையிருந்து தூக்கின ஆள் ரேடியோ அறையிலையே இருந்தவர்? கையை நீட்டித்தானே தூக்கினவர்."

தலைவர் ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர், தமிழ் தெரியாத வெள்ளைக்காரர். அவள் என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார். ஒரு சொல்லும் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

பிறகு திட்டத்தில் பன்னிரண்டு மாதத்தை வெட்டி, படகை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். வரும் ஞாயிறு படகில் போகிறவர்கள் பட்டியலில் அவள் பெயரை எழுதினேன்.